வயர் மாட்ட வந்த மருமகள்

ஜனவரி மாதத்துக் காலைகளில், நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஆஸ்பத்திரியின் சர்வர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் செய்வது, வரிசையாக நிற்கும் இயந்திரங்களின் பின்பக்கம் போய்க் கைகளை நீட்டிக்கொண்டு நிற்பதுதான். முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாக ஊதித் தள்ளுகிற இயந்திரங்கள் அவை. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வருவதற்குள் கையுறைக்குள்ளேயே மரத்துப்போன விரல்களுக்கு அங்கே நின்றால்தான் உயிர் வரும். மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் இதற்கு நேர்மாறு. நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த நூல் கம்பெனியில், மொத்த வளாகத்துக்கும் ஏசி ஓடுகிற ஒரே அறை சர்வர் அறைதான். சித்திரை, வைகாசியில் ஆளாளுக்கு ஒரு காரணத்தோடு வருவார்கள். கணக்குப் பிரிவுக்காரர் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்ல வருவார். சொல்லி முடித்த பிறகும் போக மாட்டார். மேனேஜரே வந்து, "என்னம்மா, எல்லாம் ஓடுதா?" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பார். அங்கே குளிருக்கு ஒதுங்கிய அறையில் இங்கே சூட்டுக்கு ஒதுங்குகிறேன்.

வந்த புதிதில் ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போது எங்கள் பிரிவுத் தலைவர் ஹெர் பிராண்ட் உள்ளே வந்துவிட்டார். 'ஹெர்' என்றால் ஜெர்மன் மொழியில் 'திரு'. உயரமான, அதிகம் பேசாத மனிதர். என்ன பார்க்கிறாய் என்று கேட்டார். இதமாகச் சூடாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து, "ஷோன் வார்ம்" என்றேன். அந்த 'ஷோன்' என்ற சொல்லை நாக்கைச் சற்று முன்னே தள்ளிச் சொன்னால் 'இதமாக'. சாதாரணமாகச் சொன்னால் 'அதற்குள்ளேயே'. எனக்கு அந்த நாக்கு வரவில்லை. அதற்குள்ளேயே சூடாகிவிட்டது என்று நான் சொன்னதாக அவர் காதில் விழுந்தது. சர்வர் அறையில் ஒருவர் சொல்லக்கூடாத வாக்கியம் அது. வெப்பமானியைப் பார்த்தார், குளிரூட்டியைத் தட்டிப் பார்த்தார், கட்டடப் பராமரிப்புக்குப் போன் போட்டார். கருவிப் பெட்டியோடு இரண்டு பேர் ஓடி வந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்து, கைகளைத் தேய்த்துக் காட்டி, மதுரை என்று ஊர்ப் பெயரைச் சொல்லி, தலையைக் குனிந்துகொண்டேன். அந்த இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஹெர் பிராண்ட் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, அவரும் கைகளை நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "ஷோன் வார்ம்" என்றார், சரியான நாக்கோடு.

ஊரில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பது, அங்கே என்னதான் வேலை என்பது. நெட்வொர்க், டேட்டாபேஸ் நிர்வாகம் என்று சொன்னால் கம்ப்யூட்டர் வேலை என்று தலையாட்டிவிடுவார்கள். நான்காவது மாடியில் ஒரு டாக்டர், நோயாளியின் பெயரைத் தட்டினால், அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு திரையில் வரவேண்டும். அந்தத் தட்டலுக்கும் திரைக்கும் நடுவே இருப்பதெல்லாம் என் பொறுப்பு. சுவருக்குள் ஓடும் வயர், வயர்கள் வந்து கூடும் ஸ்விட்ச், கரண்ட் போனால் தாங்கும் யுபிஎஸ், தகவல்கள் உறங்கும் வட்டுகள், அவை கெட்டுப்போனால் எடுத்துக் கொடுக்க வேண்டிய நகல்கள். நகல் எடுத்தால் போதாது, அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று சும்மா இருக்கிற நாளில் செய்து பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் வேலை விளம்பரங்களிலேயே இருக்கும். விளம்பரத்தில் இல்லாத ஒன்றைக் கப்பலூரில் கற்றுக்கொண்டேன். எது நின்றுபோனாலும், அதனால் யார் காத்துக்கொண்டிருக்கிறார் என்று முதலில் கேட்க வேண்டும். கம்பெனியில் டேட்டாபேஸ் நின்றால் சரக்குச் சீட்டு அச்சாகாது. சீட்டு இல்லாமல் லாரிகள் வெளியே போக முடியாது. டிரைவர்கள் வாசல் கேட் அருகே வெயிலில் நிற்பார்கள். அதனால் நான் முதலில் வாசலுக்கு ஓடி, கையால் சீட்டெழுதி வண்டியை அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் சர்வர் பக்கம் வருவேன்.

ஜெர்மனிக்காரர்கள் வீடியோவில் நேர்காணல் செய்தபோது, டேட்டாபேஸ் திறக்கவில்லை என்றால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன்" என்றேன். மூன்று முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கதவுப் பாதுகாப்பு எங்கள் பிரிவு இல்லையே என்றார் ஓர் அம்மாள். விளக்கிச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தப் பதிலுக்காகத்தான் உன்னை எடுத்தோம் என்று பின்னாளில் ஹெர் பிராண்ட் சொன்னார். ஆனால் நான் ஏன் இங்கே வந்தேன் என்பதற்கு வேலை மட்டும் காரணம் இல்லை. அதைச் சொல்ல மதுரை கே.கே. நகருக்குப் போக வேண்டும்.

கப்பலூர் வேலைக்குப் பிறகு, அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். கே.கே. நகரில் ஒரு தனியார் பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்கு வயர் இழுக்கப் போனோம். அந்த அறைக்குப் பொறுப்பாக, வேறு ஆள் இல்லாததால், வேதியியல் ஆசிரியர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். பெயர் சரவணன். ஏணியில் ஏறுகிற பெண்ணை முதல்முறை பார்க்கிறவர்கள் ஒன்று கேலி பேசுவார்கள், இல்லையென்றால் இறங்கச் சொல்வார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. வயர் முனையில் இருக்கும் எட்டு இழைகளையும் ஒரு குறிப்பிட்ட நிற வரிசையில் அடுக்கித்தான் கனெக்டரில் செருகி, கிரிம்பிங் டூல் என்ற இடுக்கியால் அழுத்த வேண்டும். அதை நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் போனபோது, "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. சரியா?" என்று தனிம வரிசையை ஒப்பிக்கிறவர் போல ஒப்பித்தார். ராத்திரி உட்கார்ந்து படித்தீர்களா சார் என்று கேட்டேன். "பரீட்சை வச்சா எழுதணும்ல" என்றார். வேலை முடிந்த பிறகும் அந்த அறையில் ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் வாரத்துக்கொரு முறை இணைப்பு விட்டுக்கொண்டிருந்தது. எந்தக் கனெக்டரை அவர் கழற்றி வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன்.

என் அப்பாவும் அம்மாவும் திருமங்கலத்துக்கு மேற்கே பிறர் நிலத்தில் கூலிக்குப் பாடுபட்டவர்கள். சரவணன் வீட்டார் அதே பக்கத்தில் தலைமுறைகளாக நிலம் வைத்திருப்பவர்கள். இரண்டு சாதி. மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு, நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட பிறகு பல மாதங்கள் என் அம்மா ஒவ்வொரு பொழுது சாயும்போதும் போன் செய்து, "ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள இருக்கீகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள் என்று சொன்னால் புரியும். சரவணனின் அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "அந்தப் பொண்ணு இந்த வாசப்படி ஏறக் கூடாது." அடிக்க ஆள் அனுப்பவில்லை, சாபம் விடவில்லை. அதையே பெரிய மனசு என்று சிலர் எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் கே.கே. நகரில் வாடகைக்கு இருந்தோம். மகள் யாழினி பிறந்தாள். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த ஊர், போக முடியாத ஊராக இருந்தது. ஜெர்மனி வேலை வந்தபோது சரவணன்தான் முதலில் சரி என்றார். "எட்டாத தூரத்துல இருந்தா, எட்டலைனு வருத்தம் இருக்காதுல்ல" என்றார். நான் முதலில் தனியாக வந்தேன். அவரும் குழந்தையும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். இப்போது அவர் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார்.

தனியாக இருந்த அந்த முதல் வாரத்தில்தான், மாலை நான்கு மணி சுமாருக்கு ஹெர் பிராண்ட் என் மேசைக்கு வந்து, "ஃபையராபெண்ட்!" என்று சொல்லிக் கதவைக் காட்டினார். என் காதில் விழுந்தது 'ஃபயர்'. வேலையைவிட்டு எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டேன். சரவணனுக்கு என்ன சொல்வது, பள்ளி வேலையை அவர் விடுவதற்கு முன்பே தடுத்துவிட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன். பஸ்ஸில் உட்கார்ந்து அகராதியைப் பார்த்தால், அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று பொருள். அந்த ஊரில் எனக்கு வீடு என்று இருந்தது ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும். போனை எடுத்துச் சரவணனை அழைத்து, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். சும்மா இல்லை என்று அவருக்குத் தெரியும். எதிர்முனையில் பாத்திரம் கழுவும் சத்தத்தை நிறுத்திவிட்டு, நான் பேசும்வரை காத்திருந்தார்.

நாங்கள் மூவரும் இங்கே ஒன்றாக இருக்கத் தொடங்கிய பிறகு, எதிர்பாராத ஒன்று நடந்தது. சரவணனின் அம்மா வீடியோவில் அழைக்கத் தொடங்கினார். ஊரில் இருந்தவரைக்கும் வெளியே தெரியாமல் ஓரிரு முறைதான் பேத்தியைப் பார்த்திருக்கிறார். ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் போன பிறகு தைரியம் வந்துவிட்டது. வீட்டுக்கு இணையமும் போட்டுக்கொண்டார்; டிவி பார்க்க என்று சரவணனின் அப்பாவிடம் சொன்னாராம். யாழினி பள்ளிவிட்டு வரும் நேரம் அங்கே பொழுது சாய்கிற நேரம். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு அழைப்பார். பேசத் தொடங்கியதும் படம் நின்றுவிடும். வாய் பாதி திறந்தபடி, கை பாதி தூக்கியபடி அப்படியே உறைந்து நிற்பார். ஒருநாள் யாழினி போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, "அப்பா, அப்பத்தா போட்டோ ஆயிட்டாங்க" என்றாள். குழந்தைக்குத் தெரிந்த சொல் அது; சரவணன் காதில் அது மாலை போட்ட படம். சரவணன் முகத்தில் ரத்தமே இல்லை. போனை வாங்கிப் பார்த்து, படம் நின்றிருக்கிறது என்று புரிந்துகொண்ட பிறகும் பால்கனிக்குப் போய் நெடுநேரம் நின்றார். கேபிள்காரரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் பலமுறை வந்து, எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே ஓர் ஆஸ்பத்திரி முழுவதையும் இணைத்து வைத்திருப்பவள் நான். என் புருஷனின் அம்மா முகம் அசைவதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வீட்டில் வயர் எங்கே போகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

போன கோடையில் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். மகன் வரலாம், பேத்தி வரலாம் என்று அத்தை எப்படியோ மாமாவைச் சம்மதிக்க வைத்திருந்தார். சரவணன் யாழினியோடு அங்கே போனார். நான் திருமங்கலத்தில் என் அப்பா வீட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் சரவணன் போன் செய்தார். "செல்வி, வயரெல்லாம் பாத்துட்டேன். எனக்குப் பிடிபடல. நீ ஒரு எட்டு வாரியா?" என்றார். நான் பக்கத்தில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "நான் கூப்பிடல. அம்மா கூப்பிடச் சொன்னாங்க" என்றார்.

"மாமாட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நெட்ட சரிபண்ண ஆள் வருதுன்னாங்க. யாருன்னு கேட்டாரு. மருமகளுன்னாங்க. ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு மோட்டார் ரூமுக்குப் போயிட்டாரு."

என் அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் பிடித்துக்கொண்டாள். "கூப்பிட்டா மருமகளாக் கூப்பிடட்டும். வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடட்டும். வயர் மாட்டுறவளா எதுக்குடி போற? நாங்க அந்தத் தெருவுல கூலிக்குப் போனது போதாதா? பெரிய ஆஸ்பத்திரியில வேல பாக்குறவ, போயி ஓசியில சரிபண்ணிக் குடுத்துட்டு வருவியா?" அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மருமகளாக ஏற முடியாத வாசலில் ரிப்பேர் பார்க்கிறவளாக ஏறினால், எதை நான் ஒப்புக்கொள்கிறேன் என்று எனக்கும் குழப்பமாக இருந்தது. ஆனால் அந்தப் பாதி திறந்த வாய் கண்ணில் நின்றது. அதோடு, இதையும் சொல்ல வேண்டும்: என்னை எந்த இடத்துக்குள்ளும் கூட்டிக்கொண்டு போனது என் கருவிப் பைதான். மில் முதலாளி அறை, பள்ளிக்கூடம், ஆபரேஷன் தியேட்டர், கடல் கடந்த இன்னொரு நாடு. என் கைத்தொழிலை முன்னால் வைத்து நுழைவதை நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை. இதற்கு மட்டும் ஏன் நினைக்க வேண்டும்? "போயிட்டு வாரேம்மா" என்றேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வண்டியில கொண்டுபோயி விடுறேன்" என்றார், அவ்வளவுதான்.

தெருமுனையில் டீக்கடை இருந்தது. அப்பா அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டார். "நீ போயிட்டு வா. நான் இங்கன இருக்கேன்." இன்னும் கொஞ்சம் உள்ளே வரலாமே என்று நான் சொல்லவில்லை. அந்தத் தெருவுக்குப் பின்னால் இருந்த வயலில் அவர் எத்தனை முறை நாற்று சுமந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. அவர் அந்தத் திசையைப் பார்க்காமல் டீ சொன்னார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். வீடியோவில் பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தார். "வாத்தா, உள்ள வா" என்று சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றும்போதும் விடவில்லை. முன்வாசல் வழியாகத்தான் போனேன். சரவணன் உள்ளே தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நிற்கிறவர் போல நின்றார்.

உணர்ச்சிவசப்பட நேரம் இல்லை என்பது போல நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். "எப்ப அத்தே நிக்குது?"

"சாயங்காலம் பிள்ளட்ட பேசுறப்பத்தேன். பகல்ல டிவி நல்லாத்தேன் ஓடுது. அந்தக் கேபிள்காரத் தம்பி பகல்ல வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு போயிருது."

"சாயங்காலம் என்னென்ன செய்வீங்க?"

"என்ன செய்வேன்? வெளக்குப் பொருத்துவேன். கொசு வருதுன்னு சன்னலச் சாத்துவேன். அம்புட்டுத்தேன்."

எந்த ஜன்னல் என்று கேட்டேன். புதிதாகப் போட்ட இரும்பு ஜன்னல். வெளியே தூணில் கேபிள்காரர் மாட்டிய பெட்டியிலிருந்து உள்ளறை ரவுட்டருக்குப் போகிற வயர், அந்த ஜன்னல் சட்டத்தின் இடுக்கு வழியாகத்தான் போயிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்து, வயரின் இரு முனைகளிலும் டெஸ்டரை மாட்டினேன். எட்டு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. ஜன்னலைச் சாத்தினேன். மூன்றாவது எரியவில்லை, ஆறாவது மினுங்கியது. கதவு நசுக்கிய இடத்தில் வயருக்குள் இழைகள் அறுந்தும் அறாமலும் இருந்தன. திறந்தால் சேரும், சாத்தினால் பிரியும். அத்தையிடம் காட்டினேன். ஜன்னலைத் தானே ஒருமுறை திறந்து, ஒருமுறை சாத்திப் பார்த்தார். "அட, கொசுவுக்குப் பயந்து பேத்தியவுல்ல வெளிய தள்ளியிருக்கேன்" என்றார். யாழினிக்கு அந்த விளக்குகள் பிடித்துப்போய், இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

வயரை மாற்றுவது சுலபம். ஆனால் ஜன்னல் வழியாக மறுபடி கொண்டுபோனால் மறுபடி நசுங்கும். கூடத்துச் சுவரில் துளை போட்டுக் கொண்டுவர வேண்டும். ரவுட்டரையும் உள்ளறையிலிருந்து எடுத்துக் கூடத்தில் மாட்டினால்தான் அடுப்படிவரை சரியாக எட்டும். அந்தச் சுவர் மாமா நின்று கட்டிய சுவர் என்றார் அத்தை. அப்போதுதான் மாமா உள்ளே வந்தார். மோட்டார் அறையிலிருந்து வந்த கால்கள் ஈரமாக இருந்தன. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நான் பென்சிலால் போட்டிருந்த புள்ளியைப் பார்த்தார். சரவணனிடம், "ஜன்னலுக்குப் பக்கத்துலயே போடச் சொல்லு. நடுக்கூடத்துல எதுக்கு?" என்றார். சரவணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வழியாகப் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு வேலையில் எப்போதும் நேராகப் பதில் சொல்லியே பழக்கம்.

"அங்கன போட்டா அடுப்படிக்கு எட்டாது மாமா. அத்தே அங்க இருந்துதான் பேசுறாங்க" என்றேன்.

'மாமா' என்ற சொல்லை அவர் முகத்துக்கு நேராக நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பி வெளியே போய்விட்டார். போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் டிரில்லிங் மெஷினோடு வந்தார். என் கையில் தரவில்லை. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தார். அது பழைய வழக்கமா, வெறும் கூச்சமா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. எடுத்து மாட்டி, புள்ளியில் முனையை வைத்தேன். "இரு" என்றார். சுவரருகே வந்து, விரல் முட்டியால் தட்டினார். "இதுக்குள்ள கரண்டு பைப்பு வருது. ஒரு சாண் தள்ளிப் போடு." அதை அவர் சரவணனிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். ஒரு சாண் தள்ளி வைத்தேன். தலையாட்டினார். சுவரிலிருந்து சிவப்புத் தூசி என் கையிலும் அவர் வேட்டியிலும் கொட்டியது.

புது வயர் போட்டு, முனைகளை அழுத்தி, ரவுட்டரைச் சுவரில் உயரத்தில் மாட்டினேன். வைஃபைக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டதற்கு, அத்தை யோசிப்பதற்குள் யாழினி தன் பெயரைச் சொல்லிவிட்டாள். வைத்தேன். மாமா வாசற்படியில் உட்கார்ந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார், காதில் விழுந்திருக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு, சரவணன் தெருவுக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் அழைத்தார். அடுப்படியில் அத்தை போனைப் பிடித்துக்கொண்டு, தெருவில் நிற்கிற மகனிடம், "தெரியுதுப்பா, நல்லாத் தெரியுற" என்று ஜெர்மனிக்குப் பேசுகிற சத்தத்தில் பேசினார்.

"சாப்ட்டுத்தேன் போகணும்" என்றார் அத்தை. அப்பா டீக்கடையில் காத்திருக்கிறார் என்று சொன்னேன். இலை எடுத்த அவர் கை அப்படியே நின்றது. "வெளியவா நிக்கிறாரு?" என்றார். பிறகு வாசற்படிப் பக்கம் பார்த்தார். மாமா காதிலும் விழுந்தது. எழுந்திருக்கவில்லை. சரவணன் போய் அப்பாவைக் கூப்பிட்டார். "இன்னொரு நாளைக்கு வாரேன் மாப்ள" என்று அப்பா சொல்லிவிட்டாராம். நான் நின்றபடியே ஒரு டம்ளர் காபி மட்டும் குடித்தேன். அத்தையும் என் பக்கத்தில் நின்றபடியே குடித்தார். அப்பாவோடு வண்டியில் திரும்பினேன். நெடுஞ்சாலை ஏறிய பிறகு, "சரியாயிருச்சா?" என்றார். ஆயிருச்சுப்பா என்றேன். நான் சொன்னது வயரை. அவரும் அதைத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அன்று ராத்திரி அம்மா எனக்குப் பரிமாறும்போது, கையில் இன்னும் ஒட்டியிருந்த செங்கல் தூசியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

இங்கே திரும்பி வந்த பிறகு அழைப்புகள் தெளிவாக வருகின்றன. தெளிவாக வந்தால் பின்னால் நடப்பதெல்லாம் தெரியும். அத்தையின் தோளுக்குப் பின்னால் அடுப்படிக் கதவைக் கடந்து ஒரு வேட்டி போகும். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் போகும். தண்ணீர் குடிக்க அவர் அத்தனை தடவை வந்து பார்த்ததில்லை என்றார் சரவணன். அந்த வேட்டி நிற்காது. நான் திரையில் வந்தால் அத்தை மட்டும் இருப்பார்.

இந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள் மதியம், மூன்றாவது மாடியில் பழுதான ஸ்விட்சை மாற்ற, புதியதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஹெர் பிராண்டோடு லிஃப்டுக்காகக் காத்திருந்தேன். அங்கே பிரசவப் பிரிவில் திரைகள் நின்று போயிருந்தன. நர்சுகள் காகிதத்தில் எழுதிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. தெரியாத இந்திய எண். எடுத்தேன். எதிர்முனையில் ஓர் ஆணின் மூச்சு மட்டும் கேட்டது. யார் என்று கேட்டேன்.

"நாந்தேன்" என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, "மாமா பேசுறேன்."

ஸ்விட்சை மறுகைக்கு மாற்றிக்கொண்டேன். "சொல்லுங்க மாமா."

"நெட்டு வரலத்தா. பிள்ள பேசுற நேரமாச்சு."

லிஃப்ட் வந்தது. ஹெர் பிராண்ட் உள்ளே ஏறி நின்று, வருகிறாயா என்று பார்த்தார். "அந்தப் பெட்டியில என்ன வெளக்கு எரியுது மாமா?" என்றேன். "இரு, பாத்துட்டு வாரேன்" என்று போனை எங்கோ வைத்துவிட்டார். செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. வெளியே மோட்டார் ஓடியது. "யாருக்குப் போன் போட்டீக?" என்று அத்தை கேட்டார். "செல்விக்கு" என்றார் அவர். என் பெயர் அவர் வாயில் எப்படி ஒலிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "புரோப்ளேம்?" என்றார் ஹெர் பிராண்ட். மாமனார் என்பதற்கான ஜெர்மன் சொல்லை நான் அதுவரை பயன்படுத்தியதே இல்லை. தேடி எடுத்துச் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் கையிலிருந்த ஸ்விட்சை வாங்கிக்கொண்டார், ஆனால் மேலே போகவில்லை.

"செவப்பா எரியுதுத்தா" என்றது குரல்.

"அணைச்சுட்டு மறுபடி போடுங்க மாமா. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். லிஃப்டின் கதவு மூட வந்து, வாசலில் நீட்டியிருந்த என் காலைத் தொட்டதும் திரும்பப் போனது. மறுபடி வந்து தொட்டது, மறுபடி போனது. மேலே பிரசவப் பிரிவில் எனக்காகக் காத்திருந்தார்கள். காதோடு அழுத்திப் பிடித்த போனில், யாரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு, மெதுவாக அதன் மேல் ஏறுகிற சத்தம் கேட்டது. "பாத்து மாமா, பாத்து ஏறுங்க" என்றேன், காலை எடுக்காமல்.